ரேஞ்சரின் ஓநாய், விசார்டின் ஆந்தை, விலைக்கு வாங்கிய நாய்: சண்டை நகரவே மாட்டேங்குது, உதவுங்க

புதுடிஎம்
டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி ஆடுற கதைவேட விளையாட்டு) 5-ஆம் பதிப்பு, 2014 விதிகள். நான் டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துறவர். நாலு பேரும் 3-ஆம் லெவல். பீஸ்ட் மாஸ்டர் ரேஞ்சர்கிட்ட (துணை விலங்கோட திரியும் காட்டு வீரர்) ஓநாய், விசார்டுகிட்ட (மந்திரவாதி) மந்திரத்தால அழைச்ச ஆந்தை, ஃபைட்டர் (போர்வீரர்) 25 பொற்காசுக்கு மாஸ்டிஃப் நாய் வாங்கியிருக்கார். மூணுக்கும் தனி இனிஷியேட்டிவ் (யார் முறை எப்போன்னு முடிவு பண்ற உருட்டு) போட்டதுல ஒரு சுற்று முடியவே ரொம்ப நேரம் ஆகுது. ஓநாயைக் கடிக்கச் சொன்னா தன் ஆக்‌ஷன் (தன் முறையில செய்யக்கூடிய முக்கியச் செயல்) போயிடுதுன்னு ரேஞ்சருக்கு வருத்தம். போன சண்டைல 11 ஹெச்பி (உயிர்ப்புள்ளி) ஓநாய் ரெண்டு அடியில விழுந்துடுச்சு. செத்துப்போச்சுன்னே வச்சுக்கணுமா?

பகடைப்பெட்டி
முதல்ல அந்த 11-ஐத் திருத்துங்க. ரேஞ்சர் லெவலை நாலால பெருக்கி, எது அதிகமோ அதுதான் ஹெச்பி. உங்க ஓநாய்க்கு 12. அதைவிட முக்கியம், ரேஞ்சரின் புரொஃபிஷியன்சி (தேர்ச்சிப் புள்ளி) +2 அதோட ஏசி (அடிக்க எதிரி எட்ட வேண்டிய எண்), அட்டாக் உருட்டு, டேமேஜ் (சேதம்) மூணுலயும் சேரும். ஏசி 15, கடி +6, டேமேஜ் 2டி4+4 (நாலு முகப் பகடை ரெண்டு, கூட 4). காட்டு ஓநாயின் அட்டவணையை அப்படியே எடுத்தா இது விட்டுப்போகும். +4 அட்டாக் உள்ள காப்ளின் (குட்டி அரக்கன்) காட்டு ஓநாயின் ஏசி 13-ஐ 60% தடவை அடிக்கும், 15-ஐ 50%தான்.

ஓநாய் ரேஞ்சரின் இனிஷியேட்டிவ்லயே ஆடும், தனியா உருட்ட வேண்டாம். ஆந்தைக்கு விதிப்படி தனி முறை உண்டு. ஆனாலும் விசார்டுக்கு நேர் முன்னாடி வச்சிடுங்க. அதால தாக்க முடியாது. பெரும்பாலும் ஹெல்ப்தான் (கூட்டாளிக்கு உதவுறது) செய்யும், அந்த அட்வான்டேஜ் (பகடையை ரெண்டு தடவை உருட்டி அதிகமானதை எடுக்கிறது) அடுத்து தாக்குறவருக்குப் போகும். ஒரு தடவை வச்ச இடத்தைச் சண்டைக்குச் சண்டை மாத்தாதீங்க.

மாஸ்டிஃப் வெறும் நாய்: ஏசி 12, ஹெச்பி 5. ஃபைட்டர் முறையிலயே ஆடட்டும். அடிபட்டா அனிமல் ஹேண்ட்லிங் (விலங்கை அடக்குற திறன்) உருட்டு டிசி 10 (எட்ட வேண்டிய எண்) கேளுங்க, தோத்தா ஓடிடும். இது என் மேசை வழக்கம், விதிநூல்ல கிடையாது.

மலைக்காவல்
ஆக்‌ஷன் வருத்தத்துக்கு 2020-ல வந்த பிரைமல் கம்பேனியனுக்கு (துணை விலங்குக்கான மாற்று விதி) மாறுறதுதான் சரியான மருந்து. தோற்றமும் பேரும் அதே ஓநாயா இருக்கட்டும். போனஸ் ஆக்‌ஷன்ல கட்டளை. அது முக்கிய ஆக்‌ஷனைத் தின்னாத தனிச் சின்னச் செயல். கட்டளை இல்லேன்னா டாட்ஜ் (விலகித் தற்காத்துக்கிறது) பண்ணும். தரை விலங்குன்னா உங்க லெவல்ல ஹெச்பி 20, ஏசி 15, அடி 1டி8+4. நேரா 20 அடி ஓடி மோதினா கூடுதலா 1டி6, எதிரி ஸ்ட்ரெங்த் சேவ் (வலிமையால தாங்குற உருட்டு) தோத்தா கீழே விழும். பழைய ஓநாயின் பேக் டாக்டிக்ஸ் (எதிரி பக்கத்துல கூட்டாளி இருந்தா கிடைக்கிற அட்வான்டேஜ்) போயிடும், அதனால ரேஞ்சர்கிட்ட கேட்டுட்டு மாத்துங்க.

ரெண்டு இடத்துல மாட்டுவீங்க. ரேஞ்சரின் ஹன்டர்ஸ் மார்க் மந்திரமும் போனஸ் ஆக்‌ஷன்தான், ஒரே சுற்றுல ரெண்டுக்கும் போனஸ் ஆக்‌ஷன் கிடைக்காது. அடுத்தது, உங்க ரேஞ்சர் வில்லாளியா? விழுந்து கிடக்கிற எதிரியை 5 அடிக்கு அப்பால இருந்து எய்தா டிஸ்அட்வான்டேஜ் (ரெண்டு உருட்டுல குறைஞ்சதை எடுக்கணும்). முதல்ல அம்பு, அப்புறம் ஓநாய்னு பழக்கிடுங்க. முன்வரிசைல ஃபைட்டர் இருந்தா இந்த வீழ்ச்சி அவருக்குத்தான் லாபம்.

புதுடிஎம்
வில்லாளிதான்! இதைத்தான் தலைகீழா செஞ்சுட்டிருந்தோம். சரி, சாவு விஷயம்? இன்னொண்ணு, ஓநாயை முன்னால அனுப்பி "உள்ள எத்தனை பேர்?"னு கேக்குறார்.

பகடைப்பெட்டி
ஓநாயால எண்ணிச் சொல்ல முடியாது. ஆனா வாசனை பிடிக்கும். 2014 ஓநாயா இருந்தா பாஸிவ் பெர்செப்ஷன் (உருட்டாமலே கவனிக்கிற அளவு) 15, மோப்பத்துக்கு அட்வான்டேஜ் சேர்ந்து 20. கதவுகிட்ட உறுமுது, ரோமம் சிலிர்க்குதுன்னு விவரிங்க. எண்ணிக்கை வேணும்னா விசார்ட் 100 அடிக்குள்ள இருக்கிற ஆந்தையின் கண்ணால பார்க்கட்டும். அதுக்கு அவர் ஆக்‌ஷன் செலவாகும், அந்நேரம் அவருக்குச் சொந்தக் கண்ணும் காதும் வேலை செய்யாது.

மலைக்காவல்
சாவு: பிரைமல் கம்பேனியன் செத்து ஒரு மணி நேரத்துக்குள்ள ரேஞ்சர் அதைத் தொட்டு, ஒரு ஆக்‌ஷனும் ஒரு ஸ்பெல் ஸ்லாட்டும் (ஒரு தடவை மந்திரம் போடுற இருப்பு) செலவழிச்சா, ஒரு நிமிஷத்துல முழு ஹெச்பியோட எழும். 2014 விதின்னா 8 மணி நேரம் செலவழிச்சு வேற விலங்கோட பிணையணும். ஆந்தையை 10 பொற்காசுப் பொருளோட ஒரு மணி நேரத்துல திரும்ப அழைச்சுடலாம். நாய்க்கு இப்படி எந்த வழியும் இல்லை. அதுக்கும் டெத் சேவ் (சாவிலிருந்து தப்பிக்கிற உருட்டு) கொடுக்க டிஎம்முக்கு உரிமை உண்டு, நான் கொடுப்பேன். எதுவானாலும் அடுத்த செஷன் தொடங்கும் முன்னாடியே நாலு பேர்கிட்டயும் சொல்லிடுங்க. செல்லப்பிராணி சாவு யாருக்காவது தாங்காதுன்னா அதையும் அப்பவே கேட்டுக்குங்க.