ஸ்லோவில் வண்டி உதறுது, மிதித்தால் திணறுது: பம்ப்பை இறக்கணுமா?

பாவூர்சத்திரம் லோடுக்காரன்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். என்னிடம் இருப்பது 1997 மாடல் லாரி. ஆறு சிலிண்டர் டீசல், இன்லைன் பம்ப் (சிலிண்டர்களுக்கு டீசலை அழுத்தித் தள்ளுவது). பாவூர்சத்திரத்தில் காய்கறி ஏற்றிப் புனலூருக்கு ஓட்டுகிறேன். மூன்று வாரமாக ஒரே தொல்லை. ஸ்லோவில், அதாவது மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்படி நின்றால் கேபினே உதறுகிறது. டேஷ்போர்டில் வைத்த டீ கிளாஸ் நகர்ந்து நகர்ந்து வந்து மடியில் விழுந்தது. மிதித்தால் உடனே எடுக்காமல் ஒரு திணறல், அப்புறம்தான் இழுவை வருகிறது. போகிற வழியில் புளியரை மலை ஏற்றத்து எஸ் வளைவில் ரெண்டு தடவை ஆஃப் ஆகிவிட்டது. பின்னால் வந்தவர்களிடம் வாங்கிய ஏச்சை இங்கே எழுத முடியாது.

டீசல் பில்டர் ரெண்டும், ஏர் பில்டரும் மாற்றியாச்சு. மெக்கானிக் பம்ப்பை இறக்கணும் என்கிறார். இறக்கலாமா?

ஆலங்குளம் ஓனர்:
சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசில்தான். ஆறையும் மாத்திப் போடுங்க, என் வண்டிக்கும் இதே கதைதான்.

பம்ப் ரூம் பெரியவர்:
தம்பி, அவசரப்படாதே. புகை என்ன நிறம்? காலையில் ஸ்டார்ட் ஆக இழுக்குதா? டேங்க் நிறைய இருக்கும்போதும் ஆடுதா, குறைந்த பிறகுதானா?

நாசிலா என்று நீயே பார்க்கலாம். ஸ்லோவில் ஓடும்போது ஒவ்வொரு நாசில் பைப் நட்டாகத் தளர்த்தி, மறுபடி இறுக்கு. தளர்த்தும்போது எஞ்சின் சத்தம் இன்னும் மோசமானால் அந்தச் சிலிண்டர் உழைக்குது. மாறவே இல்லை என்றால் அதுதான் சும்மா இருக்கிற ஆள். நட்டின் மேல் கனத்த துணியைப் போட்டுக்கொள், கண்ணாடி மாட்டு, விரலைக் கிட்டே கொண்டுபோகாதே. 200 பார் அழுத்தத்துக்கு மேல் பீய்ச்சுகிற டீசல் தோலுக்குள்ளேயே இறங்கிவிடும். அப்புறம் ஆஸ்பத்திரியில் கையைக் கிழிக்க வேண்டிவரும்.

பாவூர்சத்திரம் லோடுக்காரன்:
பார்த்தேன் அண்ணாச்சி. ஆறிலும் சத்தம் மாறுது. புகை லேசான வெள்ளை. காலையில் சும்மா செல்ப் அடித்தால் எடுக்காது. கை பம்ப்பை இருபது தடவை குத்தினால் உடனே எடுக்கும். டேங்க் விஷயம் நீங்கள் கேட்ட பிறகுதான் உறைக்குது. நிரப்பிய அன்றைக்குப் போகவரப் பூ மாதிரி ஓடும். பாதிக்குக் கீழே போனால்தான் ஆட்டம், அதுவும் ஏற்றத்தில் கூடுதல்.

பம்ப் ரூம் பெரியவர்:
அப்போ டீசல் லைன் ஏர் எடுக்குது, அதாவது காற்றை உள்ளே இழுக்குது. டேங்கிலிருந்து, டீசலை இழுத்துக் கொடுக்கிற பீட் பம்ப் வரைக்கும் உறிஞ்சுகிற பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். இதைத்தான் ரொம்பப் பேர் தரையில் ஈரத்தைத் தேடிக் கோட்டைவிடுவது. வண்டியை ஓரமாக நிறுத்தி, 5 லிட்டர் கேனில் சுத்தமான டீசல் ஊற்றி பீட் பம்ப்புக்கு மேலே கட்டு. டேங்க் லைனைக் கழற்றிவிட்டு கேனிலிருந்து ஓஸ் கொடு. மிச்ச டீசல் திரும்பி வருகிற ரிட்டர்ன் பைப்பையும் கேனுக்கே திருப்பு, இல்லாவிட்டால் சீக்கிரம் காலியாகிவிடும். லைனில் உள்ள காற்றை வெளியேற்றிவிட்டு ஓட்டு. ஆட்டம் நின்றால் கோளாறு டேங்கிலோ லைனிலோதான், பம்ப்பில் இல்லை.

வள்ளியூர் டிரைவர்:
டேங்க் மூடியில் காற்று போகிற துளை அடைத்தாலும் திணறும். மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று இழுக்குதா பாருங்க.

பாவூர்சத்திரம் லோடுக்காரன்:
மூடியில் சத்தம் ஒன்றும் இல்லை. கேனில் அரை மணி நேரம் ஓட்டினேன். டீ கிளாஸ் வைத்த இடத்திலேயே இருந்தது! உடனே டேங்க்கில் இருக்கிற உறிஞ்சு குழாயைக் கழற்றி, ஒரு முனையை அடைத்து, தண்ணீரில் முக்கி ஊதினோம். குழாயின் நடுவில், பழைய பற்றவைப்பில் மயிரிழை விரிசல், வரிசையாகக் குமிழி. டீசல் அதற்கு மேலே நிற்கும்வரை தெரியாது, கீழே இறங்கியதும் காற்றை இழுத்திருக்கிறது. பித்தளை வைத்துப் பற்றவைக்க 300 ரூபாய். நேற்று கால் டேங்க்கோடு புளியரை ஏறினேன். மூச்சு வாங்கவில்லை.

பம்ப் ரூம் பெரியவர்:
நல்லது. திரும்ப மாட்டும்போது பைப் முனையை இறுக்குகிற பேஞ்சோ போல்ட்டுக்கு, காற்றுப் புகாமல் அடைக்கிற புது காப்பர் வாஷர் போட்டாயா?

பாவூர்சத்திரம் லோடுக்காரன்:
பழசுதான் அண்ணாச்சி. நாளைக்குக் காலையில் மாற்றிவிடுகிறேன்.