தட்ட கையால தள்ளுனா அது புரோகிரஸிவ் பிரஸ்ஸா?

பால்மரம்62 | செவ்வாய் இரவு 9.14
நேத்து நம்ம சுங்கை சிப்புட் வாட்சப் குரூப்புல ஒரு வீடியோ சுத்துச்சு, பாத்திருப்பீங்க. நம்ம ஊரு பையன்தான், இப்ப அமெரிக்கா ஹூஸ்டன்ல இருக்கான். கராஜுல டில்லன் கம்பெனி 550 பிரஸ் ஒண்ண பெஞ்சுல மாட்டி 9எம்எம் தோட்டா ரீலோட் பண்றான், அதாவது சுட்டு முடிஞ்ச காலி கூட்டுல (கேஸ்) மறுபடியும் வெடிமருந்தும் புல்லட்டும் வைக்கறான். அவன் இருக்கற ஊருல அது சட்டப்படி சரி, அதுல எனக்கு பேச்சில்ல. ஆனா "இது புரோகிரஸிவ் பிரஸ், அரை மணி நேரத்துல செட் பண்ணிட்டேன்"னு சொல்றான் பாருங்க, அங்கதான் எனக்கு ஏறுச்சு. ஹேண்டிலோட ஒவ்வொரு இழுப்புக்கும், கேஸ் நிக்கற தட்ட கட்டவெரல வெச்சி அடுத்த எடத்துக்கு தள்ளி விடுறான்யா. தானா சுத்தாதது என்னா புரோகிரஸிவ்? 32 வருஷம் தோட்டத்து வர்க்ஷாப்புல ஃபிட்டரா இருந்தவன் கேக்குறேன்.

ஹூஸ்டன்மாப்ள | 9.41
அந்த பையன் நான்தான் அண்ணே. பேர சொல்லியே கேட்டிருக்கலாம். மெஷின்ல நாலு ஸ்டேஷன். மொதல்ல பழைய பிரைமர் (கேஸ் அடியில மருந்த பத்த வைக்கற சின்ன மூடி) வெளிய போயி கேஸ் சைஸ் ஆவும், ஹேண்டில முன்னாடி தள்ளுனா புது பிரைமர் ஏறும். ரெண்டாவதுல கேஸ் வாய லேசா விரிச்சி மருந்து விழும், மூணுல புல்லட் உக்காரும், நாலுல கேஸ் வாய நெருக்கி புல்லட்ட புடிக்க வைக்கும், அதான் கிரிம்ப். இந்த நாலும் ஒரே இழுப்புல நடக்குது. ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டா வெளிய விழுது. அதுக்கு பேருதான் புரோகிரஸிவ், தட்டு எப்படி சுத்துதுங்கறது வேற கத.

பால்மரம்62 | 9.44
வேற கத இல்ல தம்பி, அதான் கதயே. தானா சுத்துதா சுத்தலியா?

கிராணிமகன் | 9.58
அண்ணே ஒரு சந்தேகம். லீ கம்பெனி டரட் பிரஸ்ல மேல டை (அச்சு) எல்லாம் மாட்டியிருக்கற தட்டு தானா சுத்தும், கையே வைக்க வேணாம். ஆனா கேஸ் ஒண்ணுதான் உள்ள இருக்கும், ஒரு தோட்டா முடிய நாலு தடவ இழுக்கணும். உங்க கணக்குக்கு அதான் புரோகிரஸிவ்வா? தோட்டத்துல ரப்பர் ஷீட்டு மெஷின கையாலதான சுத்துனோம், அப்ப அது மெஷின் இல்லியா, சப்பாத்தி கட்டையா?

பால்மரம்62 | 10.03
ஷீட்டு மெஷின் எவனும் புரோகிரஸிவ்னு சொல்லல. கேட்ட கேள்விக்கு பதில் வரல. டில்லன் காரனே ஸ்கொயர் டீல்னு ஒண்ணு தானா சுத்தற மாதிரி செஞ்சான், 650 தானா சுத்தும், 2019ல அதுக்கு பதிலா வந்த 750யும் தானா சுத்தும். 550 மட்டும் ஏன் கையால? யோசிங்க.

ஹூஸ்டன்மாப்ள | 10.20
யோசிச்சித்தான் வாங்குனேன் அண்ணே. புதுசா கத்துக்கறவனுக்கு கையால சுத்தறது நல்லது, எங்கியாச்சும் சிக்குனா அப்படியே நிறுத்தி பாக்கலாம். டில்லன் காரனே அத புரோகிரஸிவ்னுதான் விக்கறான்.

பால்மரம்62 | 10.22
பாசார் மாலாம் ராத்திரி சந்தையில கூட ஒருத்தன் ஒரிஜினல்னுதான் விக்கறான்.

செம்பனைஅக்கா | 10.47
நான் ஈப்போ பக்கம் ஃபேக்டரில இண்டெக்ஸ் டேபிள் (ஒவ்வொரு ஸ்டேஷனா சுத்தி நிக்கற மேசை) மெஷின்ல 14 வருஷமா நிக்கறவ. பேரு எதுவா வேணா இருக்கட்டும். தம்பி, நீ இழுத்துட்டு தட்ட தள்ள மறந்து மறுபடியும் இழுத்தா அதே கேஸுல ரெண்டாவது தடவ மருந்து விழுமா விழாதா? எனக்கு அது மட்டும் சொல்லு.

ஹூஸ்டன்மாப்ள | 10.55
விழும் அக்கா. அதுக்குத்தான் தல மேல லைட் போட்டு, புல்லட் வைக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கேஸயும் எட்டிப் பாக்கறேன். ரெண்டு மடங்கு மருந்து விழுந்தா துப்பாக்கியே கையில வெடிக்கும், விழாமலே போனா பிரைமர் வேகத்துல புல்லட் பேரல் நடுவுல மாட்டிக்கும், அது தெரியாம அடுத்தத சுட்டாலும் அதே கதிதான். தானா சுத்தற மெஷின்லயும் மருந்து டப்பா காலியாச்சுன்னா ரெண்டாவது ஆபத்து இருக்கத்தான் செய்யுது. 650ல அஞ்சாவது ஸ்டேஷன் இருக்கறதால மருந்து அளவ செக் பண்ற டை ஒண்ணு மாட்டலாம், எனக்கு அந்த எடம் இல்ல, அதனால கண்ணுதான்.

பால்மரம்62 | 10.57
ஒத்துக்கிட்டான்!! "மறந்தா விழும்"னு வாயாலயே சொல்லிட்டான். தானா சுத்துனா மறக்கற பேச்சே இல்ல. கேஸ் முடிஞ்சிச்சு.

ஹூஸ்டன்மாப்ள | 11.02
நான் ஆபத்த ஒத்துக்கிட்டேன், பேர ஒத்துக்கல.

கிராணிமகன் | 11.05
கையில கியர் போடற கார் கார் இல்லன்னு சொல்றாரு அண்ணன். அவரோட பழைய கஞ்சில் கார்ல எத்தன வருஷம் வந்தாரு, அது என்னா மாட்டு வண்டியா?

பால்மரம்62 | 11.09
கஞ்சில் கார இழுக்காத. அதுல உங்க அம்மாவ ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தடவ ஏத்திட்டு போனேன்.
அப்பறம் அந்த அரை மணி நேரம். ஷெல் பிளேட், அதான் அந்த தட்டு, அதோட போல்ட் ஒண்ணு சரியா வைக்கவே எனக்கு அரை மணி ஆவும். முழுசா இறுக்கணும், அப்பறம் ஒரு மயிரளவு தளத்தணும், தட்டு சுத்தணும் ஆனா ஆடக்கூடாது, அப்பறம்தான் பக்கத்துல இருக்கற செட் ஸ்க்ரூவ இறுக்கி போல்ட்ட பூட்டணும். அவன் வீடியோவ நிறுத்தி நிறுத்தி பாத்தேன், தட்டு ஆடுது. அதுல பிரைமர் வெச்சா ஒண்ணு நேரா ஒண்ணு கோணையா.

ஹூஸ்டன்மாப்ள | 11.31
சரி அந்த அரை மணி நேரம் கொஞ்சம் பீத்தல்தான், உண்மையில சனிக்கிழம பூரா போச்சு. டை ஒண்ணொண்ணா தனியா செட் பண்ணப்ப அளவெல்லாம் அழகா வந்துச்சு, நாலு ஸ்டேஷன்லயும் கேஸ் வெச்சி இழுத்தா தோட்டா நீளம் மாறுது. தட்டு மேல ஒரே நேரத்துல எல்லா பக்கமும் அழுத்தம் வர்றப்பதான் அது எப்படி வளையுதுன்னு தெரியும், அதனால கடைசி அட்ஜஸ்ட்மெண்ட் எல்லா ஸ்டேஷனும் நெறஞ்சிருக்கறப்பதான் பண்ணணும்னு அப்பறம்தான் புரிஞ்சிச்சு. 9எம்எம்முக்கு மொத்த நீளம் 1.169 இன்ச்ச தாண்டக்கூடாது. அதுக்குள்ள, அந்த புல்லட்டுக்கு மருந்து புக்குல போட்டிருக்கற நீளத்துல வந்து நிக்கற வரைக்கும் விடல. ஆடுதுங்கறீங்களே, அது கேமரா ஆட்டம், பொண்டாட்டி புடிச்சா.

பால்மரம்62 | 11.34
நாலு ஸ்டேஷனும் ஒண்ணா வேல செய்யுது, சரி. சுத்தறது யாரு? நீதான? வெர்னியர்ல அளந்தா போதுமா, ஒரு மைக்ரோமீட்டர் கூட இல்லாம...

கிராணிமகன் | 11.36
மைக்ரோமீட்டரா? அந்த வார்த்தய நீங்க சொல்லலாமா அண்ணே? 2011ல எங்கப்பா கிட்ட வாங்குன மிட்டுடோயோ மைக்ரோமீட்டர் எங்க? "வெள்ளிக்கெழம தர்றேன்"னீங்க. எந்த வெள்ளிக்கெழம?

பால்மரம்62 | 11.40
உங்கப்பா எனக்கு கோயில் திருவிழா பந்தல் காசு 300 வெள்ளி தரணும், அத கேட்டியா? தலைப்ப மாத்தாத.

தமிழன்_டா | 11.52
எல்லாரும் கொஞ்சம் பயந்து பேசுங்க. நம்ம மலேசியாவுல லைசன்ஸ் இல்லாம ஒரு தோட்டா கையில இருந்தாலே ஆயுதச் சட்டம் 1960. முன்ன ஐஎஸ்ஏ (உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம்) 57ஆவது பிரிவுல அதுக்கு தூக்கு, அந்த சட்டம் 2012லதான் போச்சு. பாலாய்ல (போலீஸ் ஸ்டேஷன்) எவனாச்சும் இத படிச்சா?

செம்பனைஅக்கா | 11.58
இங்க யாரும் செய்யல தம்பி. அங்க இருக்கறவன் மெஷின பத்தி பேசறோம். நீ வந்ததே இப்பதான்.

பால்மரம்62 | 12.06
பாலாய்க்கு பயப்படற குடும்பம் இல்ல எங்களுது. 1948 ஜூன் 16 காலையில இதே சிப்புட்டுல எல்பில் தோட்டத்துலயும் பின் சூன் தோட்டத்துலயும் மூணு வெள்ளக்கார துரைங்கள சுட்டாங்க, எமர்ஜென்சியே அதுக்கப்பறம்தான் போட்டாங்க. எங்க தாத்தா ஸ்பெஷல் கான்ஸ்டபிளா துப்பாக்கி தூக்கி அந்த தோட்டத்த காவல் காத்தவரு. தோட்டாவ பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம்.

கிராணிமகன் | 12.09
தாத்தா காவல் காத்தாரு, சரி. ரீலோட் பண்ணாரா?

பால்மரம்62 | 12.10
பண்ணிருந்தா தானா சுத்தற மெஷின்லதான் பண்ணிருப்பாரு.

ஹூஸ்டன்மாப்ள | 12.21
அண்ணே கடைசியா கேக்குறேன். ஒரு இழுப்பு, ஒரு தோட்டா. ஆமாவா இல்லியா?

பால்மரம்62 | 12.23
ஒரு இழுப்பு, ஒரு தள்ளு, ஒரு தோட்டா. அந்த தள்ள ஏன் முழுங்கற?

செம்பனைஅக்கா | 12.30
நாளைக்கி எனக்கு காலை ஷிப்ட். தம்பி அந்த லைட்ட மட்டும் அணைக்காத.

கிராணிமகன் | 12.34
மைக்ரோமீட்டர் 0லேர்ந்து 25 எம்எம் வரைக்கும், செவப்பு டப்பா, மூடியில எங்கப்பா பேரு கீறியிருக்கும். காலையில கடைக்கு தெ தாரிக் குடிக்க வருவீங்கள்ல, எடுத்துட்டு வாங்க.

பால்மரம்62 | 12.35
தானா வரட்டும்.