அடிலெய்ட் நகரமும் ஷீலா என்னும் பெயரும்

கேள்வி (ஹட்டன்):
என் மகள் ஷீலா மேற்படிப்புக்காகத் தெற்கு அவுஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெய்டுக்குப் புறப்படவிருக்கிறாள். அந்நகரின் பின்னணி என்ன? அவளுடைய பெயருக்கு அங்கே வேறு பொருள் உண்டென்பது உண்மையா?

பதில் (பண்டாரவளை):
ஐயா, பிரித்தானிய மன்னர் நான்காம் வில்லியத்தின் துணைவியான அடிலெய்ட் அரசியின் பெயரே நகருக்குச் சூட்டப்பட்டது. பூர்வகுடிகளான கவுர்னா மக்களின் நிலத்தில் 1836இல் குடியேற்றம் தொடங்கியபோது, சிட்னியைப் போலக் கைதிகளை இறக்காமல், சுதந்திரக் குடியேறிகளைக் கொண்டே ஊரை அமைத்தார்கள். கேர்ணல் வில்லியம் லைட் வகுத்த திட்டப்படி நகர மையத்தைச் சுற்றி விடப்பட்ட பூங்கா நிலம் இன்றும் பெரும்பாலும் நிலைத்திருப்பது உண்மையிலேயே பாராட்டத்தக்கது.

பதில் (நுவரெலியா):
ஷீலா அயர்லாந்திலும் வழங்கும் பெண்பெயர். அவுஸ்திரேலியப் பேச்சுவழக்கில் அது 19ஆம் நூற்றாண்டு முதல் எந்தப் பெண்ணையும் பொதுவாகக் குறித்துவந்தது. இன்று பலருக்கு அது மரியாதைக் குறைவாகப் படுகிறது. ஆயினும் ஒருவரைப் பெயர் சொல்லி அழைக்கும்போது அப்பொருளை யாரும் நினைப்பதில்லை.

பதில் (தலவாக்கலை):
அண்ணா, நம்மிடையே அது சீலத்தைக் குறிக்கும் நல்ல பெயர். பிள்ளை அதை மாற்றவே வேண்டாம்.