தம்பியை ஜீப்பில் ஏற்றியபோது நான் என்ன செய்திருக்க வேண்டும்?

மதுரை அக்கா:
போன செவ்வாய் இரவு, மனநலப் பாதிப்புள்ள, நான்கு நாள் தூக்கமில்லாத என் தம்பி வைகைத் தரைப்பாலத்தில் சட்டையில்லாமல் நின்று வண்டிகளை மறித்துக்கொண்டிருந்தான். வந்த இரண்டு காவலர்கள் லத்தியைத் தரையில் தட்டி, "குடித்திருக்கிறாயா?" என்று அதட்டினார்கள். அவன் குடித்ததே இல்லை. சத்தம் கூடக் கூட மிரண்டான். கடைசியில் கையை முறுக்கி ஏற்றினார்கள். விடியும்வரை லாக்கப். மணிக்கட்டில் கன்றிய தடம் இன்னும் மறையவில்லை. இது சரிதானா? அடுத்த முறை யாரைக் கூப்பிடுவது?

ஓய்வுபெற்ற ஏட்டு, திருமங்கலம்:
சரியே இல்லை அம்மா. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 100ஆவது பிரிவைப் படியுங்கள். காவலர் பாதுகாப்பில் எடுக்கலாம். லாக்கப்பில் எக்காரணத்துக்காகவும் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஓய்வுபெறும்வரை இதை எங்களுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. அந்த வருத்தம் எனக்குப் பெரிதாக இருக்கிறது.

மேலூர் செவிலியர்:
முதலில் 108. "மனநல நோயாளி, கையில் ஆயுதம் இல்லை" என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஆலோசனைக்கு அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இரவிலும் பேசலாம். மாத்திரைச் சீட்டின் பிரதியைக் கைப்பையில் வைத்திருங்கள். காவலர் வந்தால் ஒருவர் மட்டும், தள்ளி நின்று, பெயர் சொல்லி மெதுவாகப் பேசச் சொல்லுங்கள்.

மதுரை அக்கா:
சீட்டை இன்றே பிரதி எடுக்கிறேன். அன்று ஒருவர்கூட அவன் பெயரைக் கேட்கவில்லை.