வடசென்னை பாம்பு வளர்ப்போர் குழு: ரெண்டு கிலோ ஆண்

ஞாயிறு

சதீஷ் வியாசர்பாடி, காலை 9:14
வணக்கம். பால் பைத்தான் (ball python, ஆப்பிரிக்காவோட சின்ன மலைப்பாம்பு), ஆண், 4 வயசு. இன்னிக்கு எடை 2,050 கிராம். வாரம் ஒரு வெள்ளை எலி, 120 கிராம். ஒரு தடவ கூட வேணாம்னு சொன்னதில்ல. நல்ல வளர்ச்சின்றாங்க, சரியா?

ரெஜினா ராயபுரம், 9:20
சாப்ட்டு எத்தினி நாளாச்சு தம்பி? கழிவு போட்டுச்சா?

சதீஷ், 9:21
ஆறு நாளுக்கா. நேத்து போட்டுது.

ரெஜினா, 9:21
அப்ப அந்த எடை நிஜம்தான். மேல இருந்து ஒரு போட்டோ, வளைஞ்சு படுத்திருக்கச்சொல்ல ஒண்ணு, வால் பக்கம் ஒண்ணு போடு.

சதீஷ், 9:27
📷📷📷

பாபு கொளத்தூர், 9:33
தம்பி, இது வளர்ச்சி இல்ல, கொழுப்பு. ரெண்டாவது போட்டோவ பெருசு பண்ணிப் பாரு. வளையுற எடத்துல உள்பக்கம் தோல் மடிப்பு மடிப்பா நிக்குது. வெளிப்பக்கம் செதிலுக்கு நடுவுல தோல் தெரியுது. இப்ப சாப்ட்ட பாம்புக்கு அப்டித் தெரிஞ்சா பரவால்ல, ஆறு நாள் கழிச்சும் தெரியுதுன்னா உள்ள எடமே இல்லன்னு அர்த்தம்.

பாபு, 9:35
மூணாவது போட்டோ இன்னும் மோசம். உடம்பு வாலாட்ட போறது புடலங்காய் மாதிரி கொஞ்சம் கொஞ்சமா சிறுத்துக்கினு போவணும். உன்னுது மலவாய் வரைக்கும் ஒரே தடிமன், அப்பறம் சட்டுனு ஒல்லி வால், ஒட்ட வச்ச மாதிரி. பாம்பு கொழுப்ப உடம்போட பின்பகுதிலதான் சேத்து வைக்கும், அதான் அங்க மொதல்ல தெரியும்.

ரெஜினா, 9:38
முதுகைத் தடவிப் பாரு. சரியான உடம்புன்னா முதுகெலும்பு விரலுக்குத் தெரியும், கண்ணுக்குத் துருத்திக்கினு நிக்காது. குறுக்கால வெட்டிப் பாத்தா தாழ்வான ஓட்டுக் கூரை மாதிரி இருக்கணும், முகடு மழுங்கினது. முகடு கூரா நின்னா ஒல்லி. முதுகெலும்பு உள்ள பூந்து வாய்க்கால் மாதிரி கோடு விழுந்திருந்தா குண்டு. லாரி டியூப் மாதிரி உருண்டையா இருந்தா ரொம்பக் குண்டு.

சதீஷ், 9:40
வாய்க்கால் மாதிரிதான் இருக்குதுக்கா 😬

அஸ்லாம் வண்ணாரப்பேட்டை, 9:44
ஆனா அண்ணே, டப்பாவத் தெறந்தாலே தலையத் தூக்கிக்கினு வருதே, பசி இல்லாமயா?

பாபு, 9:49
அது பசி இல்ல அஸ்லாம், பழக்கம். இது ஒளிஞ்சிருந்து புடிக்கிற சாதி. காட்டுல எலி என்னிக்கு வரும்னு தெரியாது, வந்தா வுடாது. நீ வாரா வாரம் கொடுத்தா வாரா வாரம் முழுங்கும். போதும்னு அது சொல்லாது, நீதான் சொல்லணும். டப்பா தெறந்தாலே சாப்பாடுன்னு அது கத்துக்கிச்சு. தொடறதுக்கு முன்ன கொக்கியால உடம்பு நடுவுல லேசாத் தட்டு, இது சாப்பாடு இல்லன்னு புரிஞ்சிக்கும்.

ரெஜினா, 9:55
சதீஷ், இனிமே 75 கிராம் எலி ஒண்ணு, மூணு வாரத்துக்கு ஒரு தடவ. அது உடம்பு எடைல 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் கம்மி, வளந்த பாம்புக்குப் போதும். மொத்தமா நிறுத்திடாத. குண்டுப் பாம்ப திடீர்னு பட்டினி போட்டா கொழுப்பு மொத்தமும் கரைஞ்சு ஈரல்ல போய் அடைக்கும், ஈரல் கெட்டுடும். மாசத்துக்கு 20, 30 கிராம் குறைஞ்சாப் போதும். 1,500 கிராம் வரைக்கும் இறங்க ஒன்றரை வருஷத்துக்கு மேல ஆவும், அவசரம் இல்ல.

ரெஜினா, 9:57
எடை பாக்குறது: கிச்சன் தராசு, மேல மூடி போட்ட டப்பா, டப்பாவோட பூஜ்ஜியம் பண்ணிட்டு பாம்ப வை. சாப்பாடு கொடுக்குறதுக்கு முந்தின நாள், மாசத்துக்கு ரெண்டு தடவ. நோட்டுல தேதி, எடை, எலி எடை, கழிவு, சட்டை உரிச்சது எழுது. ஒரே நம்பரப் பாத்து பயந்துக்காத, தண்ணி குடிச்சாலே எடை ஏறும்.

பாபு, 9:59
டப்பா எவ்ளோ நீளம்? பாம்பு ஒரு தடவ முழுசா நீட்டிப் படுக்க முடியணும். ஏறி இறங்க ஒரு தடிமனான கிளை போடு. சின்ன டப்பாவுல பெரிய சாப்பாடு, இதுதான் நம்ம ஆளுங்க எல்லாருக்கும் வர்ற வியாதி.

தீபக் திருவொற்றியூர், 10:20
எனக்கு வேற பிரச்சன. கார்ன் ஸ்நேக் (விஷமில்லாத வெளிநாட்டுப் பாம்பு) குட்டி, 40 கிராம். நேத்து வாந்தி எடுத்துடுச்சு. 9 கிராம் சுண்டெலிக் குஞ்சு கொடுத்தேன்.

பாபு, 10:22
40 கிராமுக்கு 9 கிராமா! 22 சதவீதம் தம்பி. அப்பறம் எப்ப தூக்குன?

தீபக், 10:23
மறுநாள் சாயந்திரம்.

பாபு, 10:24
டப்பாவுல சூடான பக்கம் எத்தினி டிகிரி?

தீபக், 10:25
25.

பாபு, 10:30
மூணுமே தப்பாச்சு. பெரிய எலி, செரிக்க சூடு பத்தல, பாதி செரிமானத்துல தூக்கிட்ட. கார்ன் ஸ்நேக்குக்கு சூடான பக்கம் 29–31, குளிர்ந்த பக்கம் 24. சாப்ட்ட பெறவு 48 மணி நேரம் கை வைக்காத.

இப்ப பண்ண வேண்டியது: 10 நாள்லேர்ந்து 14 நாள் வரைக்கும் சாப்பாடு இல்ல, சுத்தமான தண்ணி மட்டும். அமிலம் ஏறி தொண்டை, வயிறு புண்ணாகியிருக்கும், ஆறணும். அப்பறம் 2 கிராம் ரோமம் முளைக்காத குஞ்சு ஒண்ணு. தங்குச்சுன்னா 5, 7 நாள் கழிச்சு அதே அளவு இன்னொண்ணு. அப்பறம்தான் 4 கிராமுக்குப் போ. ரெண்டாவது தடவ வாந்தி எடுத்தா வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கினு போ, கழிவும் எடுத்துக்கினு போ, பூச்சி இருக்கான்னு பாப்பாங்க.

அஸ்லாம், 10:34
பெரிய எலிய வெட்டிக் கொடுத்தா?

ரெஜினா, 10:36
வேணாம். முழு எலிலதான் எலும்பு, ஈரல், சுண்ணாம்புச் சத்து எல்லாம் சமமா கிடைக்குது. கோழிக் கறித் துண்டும் கூடாது, வெறும் சதை அது. பாம்போட உடம்புல எந்த எடம் ரொம்பத் தடிமனோ, எலி அந்த அளவுக்கு மேல போகக் கூடாது.

அஸ்லாம், 10:38
நம்ம தெரு எலி நெறைய இருக்குதே 😄

பாபு, 10:40
சிரிக்காத. தெரு எலி எங்கயாச்சும் எலி மருந்து தின்னுருக்கும், அந்த விஷம் பாம்புக்கும் போவும். பூச்சி வேற. உயிரோட உட்டாலும் ஆபத்து, எலி கடிச்சா பாம்புக்குக் கண்ணே போவும்.

ரெஜினா, 10:44
உறைஞ்ச எலிய ஜிப் கவர்ல போட்டு ராத்திரி ஃப்ரிட்ஜுல கீழ்த்தட்டுல வை. காலைல வெதுவெதுப்பான தண்ணில கவரோட அரை மணி நேரம். டெம்பரேச்சர் கன்னால பாத்தா மேல 38–40 வரணும், வயித்தை அமுக்கிப் பாரு, நடுவுல கட்டியா இருக்கக் கூடாது. மைக்ரோவேவ் வேணவே வேணாம், உள்ள வெந்து வயிறு வெடிக்கும். தொடைச்சு, நீளமான இடுக்கியால கொடு. கை நாறுச்சுன்னா சோப்பு போட்டுக் கழுவிட்டு அப்பறம் பாம்பத் தொடு, இல்ல விரலையே எலின்னு நெனச்சுக்கும்.

தீபக், 10:50
ஃப்ரீசர் எங்க அம்மாவோடது. கறிக்குப் பக்கத்துல வைக்க வுட மாட்டாங்க.

ரெஜினா, 10:51
சரிதானே சொல்றாங்க 😂 தனி டப்பா, மூடி டைட்டா, மேல பேர் எழுதி. முடிஞ்சா சின்ன ஃப்ரீசர் தனியா வாங்கு.

பாபு, 10:58
நம்ம பக்கத்துக்கு ஒரு விஷயம். புயல் ரெட் அலர்ட் சொன்னா அன்னிக்குச் சாப்பாடு கொடுக்காத. 2023 டிசம்பர் மிக்ஜாம் வந்தப்ப வடசென்னைல கரண்ட் நாள் கணக்குல இல்ல. ஹீட் மேட் (டப்பாவச் சூடா வைக்குற கரண்ட் பாய்) நின்னா ராத்திரி டப்பா குளுந்துடும், வயித்துல எலி செரிக்காம அழுகும். சில நாள் பட்டினி கிடந்தா வளந்த பாம்புக்கு ஒண்ணும் ஆவாது, செரிக்காத எலிதான் ஆபத்து. ஃப்ரீசர்ல கரைஞ்ச எலிய மறுபடி உறைய வைக்காத, தூக்கிப் போடு.

அஸ்லாம், 11:02
மே மாசம்?

பாபு, 11:05
அப்ப எதிர்ப் பிரச்சன. ரூம் 36 போனா ஹீட் மேட்ட அணைச்சிடு, ஈரத் துணி போட்டு ஃபேன் வை. அனல் நேரம் சாப்பாட்ட ராத்திரிக்குத் தள்ளு, இல்ல ஒரு வாரம் தள்ளு. தெர்மோஸ்டாட் (சூட்ட அளவா வைக்குற கருவி) இல்லாத ஹீட் மேட் யாராச்சும் வச்சிருந்தா இன்னிக்கே கழட்டுங்க.

அஸ்லாம், 11:10
அண்ணே, எங்க தெருவுல சாரை ஒண்ணு புடிச்சாங்க, ஒருத்தன் வளக்குறேன்றான்.

ரெஜினா, 11:12
வேணாம்னு சொல்லு. சாரை, நல்ல பாம்பு, நம்ம நாட்டு மலைப்பாம்பு எதுவும் வீட்டுல வைக்கக் கூடாது, 1972 வனவிலங்குச் சட்டம். வனத்துறைக்குப் போன் பண்ணு, வந்து எடுத்துக்கினு போவாங்க. பால் பைத்தான் வச்சிருக்கவங்க பரிவேஷ்னு ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட இணையதளத்துல பதிவு பண்ணிருக்கணும், பண்ணலன்னா பண்ணுங்க.

சதீஷ், 11:20
அக்கா, கண்ணு பால் பூத்த மாதிரி ஆயிட்டா?

ரெஜினா, 11:21
சட்டை உரிக்கப் போவுது. உரிச்ச பெறவு கொடு. அப்ப வேணாம்னுச்சுனா எடுத்துடு, பத்து நாள் கழிச்சு மறுபடி. ஆண் பால் பைத்தான் மழை, குளிர் சீசன்ல மாசக் கணக்குல சாப்பிடாம இருக்கும், எடை இறங்கலன்னா பயம் இல்ல. 10 சதவீதம் இறங்குனா டாக்டர்.

சதீஷ், 11:23
சரிக்கா. அடுத்த சாப்பாடு மூணாவது ஞாயிறு, 75 கிராம். ஃப்ரீசர்ல இருக்க 120 கிராம் எலி பத்து இருக்குது, என்னா பண்றது?

பாபு, 11:24
நானே வாங்கிக்கிறேன், எங்கிட்ட பெரிய பொம்பள பைத்தான் இருக்குது. சாயந்திரம் ஐஸ் பெட்டில எடுத்துக்கினு வா.