ஸ்பார் பலகையின் இழைச் சாய்வு: வைக்கவா, கழிக்கவா?

வணக்கம். நானே கட்டும் விமானத்தின் இறக்கைக்கு ஸ்ப்ரூஸ் மரத்தில் ஸ்பார் (இறக்கையின் நீளவாக்கில் ஓடி பாரம் தாங்கும் முதன்மை உத்தரம்) செய்துகொண்டிருக்கிறேன். ஒரு பலகையில் மட்டும் மனசு ஒப்பவில்லை. கண்ணுக்கு இழை நேராகத்தான் இருந்தது. ஆனால் பேனா மை ஒரு சொட்டு விட்டேன். அது இழையோடு ஊர்ந்து மெல்ல ஓரத்தை நோக்கிச் சாய்ந்தது. அளந்தால் 15 அங்குலத்துக்கு 1 அங்குலம். அனுமதிக்கும் எல்லையிலேயே நிற்கிறது! முடிச்சு இல்லை, அங்குலத்துக்கு 9 ஆண்டு வளையம், நல்ல மரம். வளைவு விசை குறையும் இறக்கை நுனிப் பக்கம் வைக்கலாமா, கழித்துவிடவா? என் மகளையும் ஏற்றப்போகும் விமானம் இது.

அப்புறம், ஸ்பாரின் மேல் கீழ்ப் பட்டைகளை அடுக்கி ஒட்டும்போது ஆண்டு வளையங்களின் வளைவை மாற்றி மாற்றி வைப்பீர்களா? பக்கவாட்டு ப்ளைவுட் இழையை 45 டிகிரியில்தான் வைக்கிறேன். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.