பொருள்: சாய்தட்டா, ஆடுதட்டா? (வெள்ளிக்குள் வேண்டும்)

கையேட்டை மொழிபெயர்ப்பவர் எழுதியது:
குழுவினருக்கு வணக்கம். எங்கள் கல்லூரி மாணவர்களுக்காக, மின்கலத்தில் பறக்கும் மாதிரி ஹெலிகாப்டர் பற்றிய கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ‘ஸ்வாஷ்பிளேட்’ என்ற உறுப்புக்குத் தமிழ்ச்சொல் தேடி நின்றுவிட்டேன். நடுத்தண்டைச் சூழ்ந்த இரண்டு வட்டத் தட்டுகள், இடையே ஒரு பேரிங். கீழ்த்தட்டு சுழலாது, 120 பாகை இடைவெளியில் மூன்று சர்வோக்கள் (கட்டளைக்கேற்பக் கையை அசைக்கும் சிறு மோட்டார்கள்) அதைப் பிடித்திருக்கும். மேல்தட்டு இறக்கைகளோடு சேர்ந்து சுழலும். மூன்று சர்வோவும் ஒன்றாகத் தூக்கினால் இரண்டு இறக்கைகளின் கோணமும் ஒருசேரக் கூடி ஹெலிகாப்டர் எழும்பும். ஒருபக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினால் தட்டு சாயும், வண்டியும் சாய்ந்த பக்கம் நகரும். ‘சாய்தட்டு’ என்று எழுதியிருக்கிறேன். சரியா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:
‘சாய்த்தட்டு’ என்று எழுதாமல் விட்டதற்கே பாராட்டு. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. சுடுசோறு, ஊறுகாய் போல. ஆனால் பெயர் பாதித் தொழிலைத்தான் சொல்கிறது. தட்டு சாய்வதோடு ஏறி இறங்கவும் செய்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ‘ஆடுதட்டு’ என்றால் எல்லா அசைவும் அடங்கும். சீவக சிந்தாமணியின் மயிற்பொறியை நினைத்துப் பாருங்கள். சீவகனின் தாய் விசயை பொறியை வலப்பக்கம் திரித்தால் மயில் மேகத்தைப் பிளந்து மேலேறும். இடப்பக்கம் திரித்தால் கீழிறங்கிக் கால் குவித்து நிற்கும். ஏற்ற இறக்கத்தை ஒரே பொறியில் வைத்தவர் திருத்தக்கதேவர். நம் சொல்லில் அந்த ஏற்ற இறக்கம் எங்கே?

கோவை உறுப்பினர் எழுதியது:
ஐயா, ஆடுதட்டு மட்டும் வேண்டாம். களத்தில் ‘தட்டு ஆடுகிறது’ என்றால் பந்து இணைப்பு தேய்ந்து லொடலொடக்கிறது என்று பொருள். அந்தத் தட்டை மாற்றாமல் யாரும் பறக்கவிட மாட்டார்கள். நல்ல தட்டு ஆடாது.

சொல் எதுவானாலும் கையேட்டில் இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்: சர்வோவைச் சரிசெய்யும்போது மோட்டாரின் மூன்று ஒயர்களும் கழன்றிருக்க வேண்டும். ரிமோட்டின் குச்சி நடுவில் நிற்கும்போது சர்வோவின் கை இணைப்புக் கம்பிக்குச் செங்கோணத்திலும், தட்டு தண்டுக்குச் செங்குத்தாகவும், இறக்கையில் மாட்டிய கோணமானி பூச்சியத்திலும் இருக்க வேண்டும். பிறகு ஹெலிகாப்டரைக் கையில் பிடித்து மூக்கை முன்னே கவிழ்த்துப் பாருங்கள். தட்டு பின்பக்கம் சாய்ந்து எதிர்க்க வேண்டும். அதுவும் முன்னே சாய்ந்தால் ஜைரோவின் (வண்டியின் சாய்வை உணரும் கருவியின்) திசை தலைகீழாக இருக்கிறது. அப்படியே கிளப்பினால் எழும்பிய வேகத்தில் கவிழ்ந்து இறக்கை தூளாகும்.

யாழ்ப்பாண உறுப்பினர் எழுதியது:
‘ஹெலிகாப்டர்’ என்று கூசாமல் எழுதிவிட்டு அதற்குள் இருக்கும் தட்டுக்கு மட்டும் தமிழ் தேடுகிறீர்களே! எங்களுக்கு அது உலங்கு வானூர்தி. பேச்சிலும் செய்தியிலும் புழங்கிய சொல். உலங்கு என்றால் பெருங்கொசு. மின்மோட்டாரில் இரையும் உங்கள் சிறு வண்டிக்கு இதைவிடப் பொருத்தம் உண்டோ?

தமிழாசிரியர்:
கொசுவை ஏன் இழுக்க வேண்டும்? மூலச்சொல்லைப் பிரித்தால் ஹெலி, காப்டர் என்று பிரியாது. கிரேக்கத்தில் ‘ஹெலிக்ஸ்’ திருகு, ‘டெரோன்’ இறகு. ஆக ‘திருகிறகி’. அதனுள் இருப்பது ‘திருகிறகித் தட்டு’.

கோவை:
‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’, அதாவது ஒரு சொல்லுக்கு அந்தப் பொருள் ஏன் வந்தது என்பது வெளிப்படையாகத் தெரியாது என்று தொல்காப்பியர் சொன்னதை எங்களுக்குக் கற்பித்தவரே தாங்கள்தான், ஐயா. அடுத்து யாராவது புறநானூற்றின் ‘வலவன் ஏவா வானவூர்தி’யைக் கொண்டு வருவதற்குள் முடித்துக்கொள்வோம்.

இன்னொருவர்:
ஸ்வாஷ்பிளேட் என்றே இருக்கட்டும். பையன்கள் கடையில் அந்தப் பெயரைச் சொல்லித்தானே உதிரிப்பாகம் கேட்கப் போகிறார்கள்?

தமிழாசிரியர்:
வடவெழுத்து ஒரீஇ, அதாவது நீக்கி, எழுதினால் ‘சுவாசுத்தட்டு’ என்றாகும். மூச்சுப் பயிற்சிக் கருவி என்று நினைத்து வாங்கிப் போவார்கள்.

பம்புத் தொழிலில் இருப்பவர் எழுதியது:
இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்தத் தட்டு ஹெலிகாப்டரின் தனிச்சொத்து அன்று. பிஸ்டன்கள் அச்சுக்கு இணையாக ஓடும் ஹைட்ராலிக் பம்பிலும் ஸ்வாஷ்பிளேட் உண்டு. அங்கே அது ஏறி இறங்குவதில்லை. சாய்வுக் கோணம் எவ்வளவோ அவ்வளவு பிஸ்டனின் வீச்சு. கோணத்தைக் கூட்டினால் எண்ணெய் கூடுதலாகப் பாயும். இரண்டு துறைக்கும் பொதுவாக இருப்பது சாய்வு ஒன்றுதான். ஒரே பொறியியல் மாணவன் இரண்டு பாடத்தில் இரண்டு பெயர் படிக்க வேண்டுமா?

மொழிபெயர்ப்பவர்:
சாய்தட்டு என்றே அனுப்புகிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் ஸ்வாஷ்பிளேட். நாலைந்து பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், மற்றவர்கள் களைத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஹெலிகாப்டர் ஹெலிகாப்டராகவே இருக்கும், யாழ்ப்பாண நண்பர் பொறுத்தருள வேண்டும்.

தமிழாசிரியர்:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஏற்ற இறக்கம் இல்லாத பெயர் குறைப்பெயர்.

மொழிபெயர்ப்பவர்:
பதிவாயிற்று. போகிற போக்கில் இன்னொன்று. தலைச்சுழற்சியின் வேகம் சுமைக்கேற்பக் குறையாமல் ஒரே அளவில் வைத்திருக்கும் ‘கவர்னர்’ ஒன்று வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குள் இருக்கிறது. ‘ஆளுநரை இயக்கிய பிறகே வண்டியைக் கிளப்பவும்’ என்று எழுதினால் அச்சகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வியாழன் இரவுக்குள் யாராவது சொல்லுங்கள்.

யாழ்ப்பாணம்:
வேகங்காப்பி?

கோவை:
காப்பிக் கடையா?